ஒன்பது வினாடி வயல்

ஒரு மீட்டர் இருபது சென்டிமீட்டர்.
என்னிடம் இருப்பது அவ்வளவுதான்.
நிலையம் இல்லை, பாலம் இல்லை,
பார்க்க வருகிறவர்கள் வாய்பிளக்கும் சுரங்கவாயும் இல்லை.
வயல். வயலைக் கிழித்துப் போகும் ஒற்றைத் தண்டவாளம்.
ஓரத்தில் துணி காயப்போடும் ஒருத்தி.

பகலில் நான் பல் கட்டுகிறவன்,
ஹால்பர்ஷ்டாட்டில், மூன்று மருத்துவர்களுக்கு.
யாருடைய கடைவாய்க்கோ வார்த்து மிஞ்சிய பிளாஸ்டரில்தான்
இந்த மண்ணின் மேடுபள்ளம் எல்லாம்.
பல்லிடுக்கு நூலைப் பிரித்தெடுத்த ஓர் இழை
அவளுடைய கொடி.
தேநீர்ப் பையைக் கிழித்து நான்கு படுக்கை விரிப்புகள்.
உயரம் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு.
கைகள் மேலே. வாயில் ஒரு கவ்வி.
நம்புங்கள், இருக்கிறது.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை
பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில்
முப்பத்தொன்பது பேர் அவரவர் நிலத்தைக்
காரிலிருந்து இறக்குகிறோம்.
சட்டம் ஒன்றே ஒன்று:
உன் முனைகள் அடுத்தவன் முனைகளோடு பொருந்த வேண்டும்.
நடுவில் என்ன வைத்திருக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை.
எனக்கு இடப்பக்கம் ஓட்ஃப்ரீடின் பனிக்காலம்,
வலப்பக்கம் டென்மார்க்காரர் ஒருவரின் மீன்துறை.
பக்கத்துக்கு இரண்டு போல்ட். முடுக்கியதும்
ஜனவரி, கோதுமை, கடல்
ஒரே மூச்சில்.

சுவர்க் கடிகாரம் நான்கு மடங்கு ஓடுகிறது.
ஆறு மணி நேரத்தில் ஒரு நாள்,
காப்பி ஆறுவதற்குள் சாயங்காலம்.
வெற்றுப் பெட்டிகளில் இருபது டன் பீட்ரூட் வருகிறது.
வரி அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர்
சீட்டைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டு வாங்குகிறார்.
ஒரு கிலோ குறைந்தாலும் விடமாட்டார்.

என் வயலைக் கடக்க ஒரு ரயிலுக்கு ஒன்பது வினாடி.
பதினொரு வருடம், ஒன்பது ஒன்பது வினாடியாக.
ஓட்டுகிறவர்கள் கருவியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பார்கள்,
கண் அடுத்த கைகாட்டியில் இருக்கும்.
எனக்கொன்றும் குறையில்லை என்றுதான்
சொல்லிக்கொண்டிருந்தேன்.

சனி மதியம் மீன்துறையில் ஓர் எஞ்சின் தடம்புரண்டது,
யாருடைய கம்பளிச் சட்டைக் கையோ உரசி.
கைகாட்டி உயரவில்லை.
சரக்கு வண்டி 6412 என் வயலில் நின்றது.
நான்கு நிமிடம்.
சுவரில் பதினாறு.

ஓட்டி வந்தவள் ஹென்ரிக்கே,
பேருந்து நிறுவனத்தில் கணக்குப் பார்ப்பவள்.
முதலில் கடிகாரத்தைத் திட்டினாள்.
பிறகு குந்தினாள்.
பிறகு கண்ணாடியைக் கழற்றி
மூக்கு கோதுமையில் இடிக்கக் குனிந்தாள்.

“யாருக்காகக் காத்திருக்கிறாள்?”
“யாருக்காகவும் இல்லை. துணி காயப்போடுகிறாள்.”
“மழை வரும்போலிருக்கிறதே,” பக்கத்துப் பனியைப் பார்த்தபடி.
“பதினொரு வருடமாக வரவில்லை.”
அவள் சிரிக்கவில்லை.
“மூன்றாவது விரிப்பு இறங்கியிருக்கிறது” என்றாள்.
உண்மைதான். பசை விட்டிருந்தது.
எனக்கே தெரியாது.

கைகாட்டி உயர்ந்தது. போய்விட்டாள்.
ஞாயிறு மாலை போல்ட்டுகளைக் கழற்றினோம்.
ஜனவரி ஓட்ஃப்ரீடின் வேனில் ஏறியது,
கடல் வடக்கே போனது.
பின் இருக்கையை மடக்கி, போர்வை சுற்றி,
நான் என் கோதுமையை ஏற்றினேன்.

நவம்பரில் தபாலில் வந்தது வசந்தகால அட்டவணை.
இந்த முறை தயாரித்தவள் ஹென்ரிக்கே.
பயணிகள் வண்டி 318.
என் வயலுக்கு நேராக, முதன்முதலாக ஒரு நேரம்:
14.10. நிற்கும். ஒரு நிமிடம்.
ஊர்ப்பெயர்க் கட்டத்தில் வெறும் கேள்விக்குறி.

ஆக, நடைமேடை கட்டியாக வேண்டும்.
முப்பது சென்டிமீட்டராவது.
ஒரு பெஞ்சு, ஒரு விளக்கு, ஒரு பெயர்.
மூன்று முறை அளந்துவிட்டேன்.
அவள் நிற்கும் இடத்தில்தான் வந்து முடிகிறது.
ஐந்து சென்டிமீட்டர் பின்னால் தள்ளினால் போதும்,
கொடி, இரண்டு கம்பு, நான்கு விரிப்பு.

கத்தி ஒரு வாரமாக மேசைமேல் கிடக்கிறது.
தினமும் ஒரு தடவை கேட்டுப் பார்க்கிறேன்.
வாயில் கவ்வியை வைத்துக்கொண்டு
என்ன சொல்வாள்.