இதர பிடித்தம்

தரைத்தளம், வேட்டி சட்டைப் பிரிவு, ஆண்கள் பதினான்கு பேர்:
நாளைக்கு இரண்டு கேன்.
மூன்றாம் மாடி, பட்டு, பெண்கள் பதினேழு பேர்:
நான்கு நாளைக்கு ஒன்று.
கீழமாசி வீதிக் கடையில் பதினோரு வருடமாய்
தண்ணீர் பில் போடுகிறேன்.
குறைவான தொகையை எந்தக் கணக்குப்பிள்ளையும்
சந்தேகப்படுவதில்லை. நானும்தான்.

சித்திரையில்
தேர் வருகிறதென்று வாசலில் நீர்மோர்ப் பந்தல்.
தயிர் நாற்பது லிட்டர், பெருங்காயம், கொத்தமல்லி,
பானகத்துக்கு வெல்லம் பதினைந்து கிலோ.
முதலாளி துவாரகநாத் தாமே கரண்டி பிடித்தார்,
வடம் இழுத்து வியர்த்து வந்தவர்களுக்கெல்லாம்.
தயிர்க்காரன் பில்லோடு நான் பக்கத்தில்.
ஒச்சம்மாள் புடவை மூட்டையோடு உள்ளே போக வந்தாள்.
"குடிச்சிட்டுப் போம்மா."
"வேணாங்கய்யா."
"அட, நல்லாருக்கும்."
டம்ளரை வாங்கினாள்.
பலூன் விற்கிறவர் கையில் கொடுத்துவிட்டுப் படியேறினாள்.
அவள் உதடு வெடித்திருந்ததை நான் பார்த்தேன்.
அவர் பார்த்தாரா, தெரியாது.

அன்று ராத்திரி விடுப்புக் கடித ஃபைலை எடுத்தேன்.
ஜெசிந்தா, காய்ச்சல்.
ரஹ்மத் நிஷா, காய்ச்சல். மறுபடி ஜெசிந்தா.
ஒச்சம்மாள் மட்டும் அடிவயிற்று வலி என்று எழுதி
அடித்துவிட்டுக் காய்ச்சல் ஆக்கியிருந்தாள்.
அடித்தாலும் படிக்க முடிந்தது.

பெண்கள் கழிவறை நான்காம் மாடி, குடோனுக்குப் பின்னால்.
லிஃப்ட் கஸ்டமருக்கு.
சாவி சூப்பர்வைசர் சன்னாசியிடம்,
கூடவே ஒரு கோடு போட்ட நோட்டு:
பெயர், போன நேரம், வந்த நேரம்.
ஐந்து நிமிடம் தாண்டினால் நிமிடத்துக்கு ஐந்து ரூபாய்.
அதை மாதாமாதம் சம்பளத்தில்
'இதர பிடித்தம்' என்று எழுதி வந்தது
என் கைதான்.
இதர. வசதியான சொல்.
யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

மூன்று நாள் வாய் வரவில்லை.
நாலாம் நாள் இரண்டு மாடி பில்லையும்
பக்கம் பக்கமாய் அவர் மேஜையில் வைத்தேன்.
"மேல செலவு கம்மியா இருக்கே," என்றார், சந்தோஷமாக.
"குடிச்சா போகணும்லய்யா."

பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.
பிறகு எழுந்து
முட்டிவலியோடு படியில் ஏறினார்,
லிஃப்ட் திறந்து நிற்க.
சன்னாசி ஓடிவந்து சாவியை நீட்டினான்.
"நோட்டுல எழுதல?"
"நீங்க முதலாளிங்கய்யா..."
"எழுது."
2.47.
தாழ்ப்பாள் இல்லாத கதவு, பல்பு இல்லாத சுவர்.
உள்ளே என்ன யோசித்தாரோ.
வெளியே வந்தபோது 2.59.
முப்பத்தைந்து ரூபாயை எண்ணி
நோட்டுக்குள் வைத்து மூடினார்.
யாரையும் திட்டவில்லை.
கீழே வந்து வெகுநேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தச்சர் வந்தார், பிளம்பர் வந்தார்.
மூன்றாம் மாடியிலேயே ஸ்டாக் ரூமில் பாதியைத் தடுத்து
இரண்டு கதவு, இரண்டு தாழ்ப்பாள், மூடி போட்ட குப்பைக்கூடை.
பழைய பூட்டு எடைக்குப் போனது.
இப்படி விட்டால் கடை நடத்த முடியாது என்று
சன்னாசி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.
இப்போது உட்கார ஸ்டூல் கேட்கிறார்கள்.
பார்க்கலாம் என்றிருக்கிறார் முதலாளி.
அவர்கள் விடுவதாக இல்லை.

ஆடித் தள்ளுபடியில்
மூன்றாம் மாடிக்கு நாளைக்கு இரண்டரை கேன்.
பிடித்ததையெல்லாம் திருப்பிக் கொடு என்றார்.
பழைய நோட்டுகளை விரித்து மூன்று ராத்திரி கூட்டி
இருபது கவர் போட்டேன்.
பதினேழு மாடியிலேயே போயிற்று.
வேலையை விட்டுப்போன இருவரை
அக்கம்பக்கம் விசாரித்துப் பிடித்தேன்.

ஜெசிந்தா, முந்நூற்று நாற்பது ரூபாய்.
தந்திருந்த நம்பர் உபயோகத்தில் இல்லை.
சமயநல்லூர்ப் பக்கம் என்பார்கள்,
எந்தத் தெரு என்று யாருக்கும் தெரியவில்லை.
கவர் என் டிராயரில், முத்திரை மைக்கு அருகில்.
என்ன தலைப்பில் காட்டுவது என்று
ஆடிட்டர் இரண்டு முறை கேட்டுவிட்டார்.
இதர என்று போட
கை வரவில்லை.