தயாரிப்பாளர் பெயர்

மதுரை வடக்கு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்.
டோக்கன் நாற்பத்தொன்று.
ஹெரால்டு ஒன்றின் பதிவை ரத்துசெய்ய வந்திருந்தார்
கு.ரா. நீலமேகம்,
மருந்துக் கம்பெனியில் பிரதிநிதியாக இருந்து ஓய்வுபெற்றவர்.

தயாரிப்பாளர் கட்டத்தைத் தொட்டால் பட்டியல் விழும்.
ஸ்கோடாவுக்கும் சுசுகிக்கும் நடுவில்
இருக்க வேண்டிய பெயர் இல்லை.
"இல்லைங்கய்யா."
"நல்லாப் பாரும்மா. ஸ்டாண்டர்ட்."
இன்னொரு முறை பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

பின்னால் மின்விசிறி ஓடாத வரிசை.
அவர் அவசரமில்லாமல்
பிளாஸ்டிக் உறையைப் பிரித்தார்.

ஒரு கேஸ்கெட்டுக்காக
கோவென்ட்ரிக்கு எழுதியிருக்கிறார், அறுபத்தாறில்.
பதில் வந்தது.
ஸ்டாண்டர்ட்-டிரயம்ஃப் என்று தலைப்பு, தயாரிப்பில் இல்லை என்று வருத்தம்.
எழுபத்திரண்டில் இன்னொன்று.
தலைப்பு பிரிட்டிஷ் லேலண்ட், அதே வருத்தம்.
எண்பத்து நான்கில் ஆஸ்டின் ரோவர்.
வருத்தம் இரண்டு வரியாகச் சுருங்கிவிட்டது.
நான்காவது அவர் கையெழுத்திலேயே திரும்பியிருந்தது,
உறையைக்கூட யாரும் கிழிக்கவில்லை.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூணுல வச்ச பேரு.
அப்ப ஸ்டாண்டர்ட்னா
இதை வச்சுத்தான் மத்ததை அளக்கணும்னு அர்த்தம்.
அப்புறம் டீலக்ஸ் வந்துச்சு.
ஸ்டாண்டர்ட்னா ரேடியோ இல்லாத வண்டின்னு ஆயிருச்சு.
அவனே வெக்கப்பட்டு
அறுபத்து மூணுல பேரை எடுத்துட்டான்."

அங்கே எடுத்த பெயர்
இங்கே வண்டலூர்ப் பக்கத்து ஆலையில்
இன்னும் கால் நூற்றாண்டு
பானெட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது.
ஊருக்குள்ளும் அதற்கொரு குறையுமில்லை:
தையல்கடைப் பலகையில், பட்டாசுப் பெட்டியில்,
"மாப்பிள்ளை வீடு ஸ்டாண்டர்டான இடம்" என்னும் வாயில்.

"கியர் போட்டா முனகும். மழைன்னா உள்ள ஒழுகும்.
ஆனா திருப்பம் இருக்கு பாரு,
மஞ்சணக்காரத் தெருவுல
ஒரே வளைப்பு. ரிவர்ஸே கிடையாது."
மேசைமேல் விரலால் அரைவட்டம் போட்டார்.
என் ஸ்டாம்ப் பேடு நகர்ந்தது.

விதிப்படி சேசிஸ் எண் உள்ள துண்டை
வெட்டி ஒப்படைக்க வேண்டும்.
தினசரித் தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.
கால் கிலோ இருக்கும்.
காரணம்: பயன்பாட்டுக்கு உதவாது.
தயாரிப்பாளர்: மற்றவை.
அச்செடுத்து நீட்டினேன்.
கண்ணாடியை ஏற்றி வாசித்தார்.
"மற்றவை" என்றார் ஒருமுறை,
மருந்துச் சீட்டில் புதுப்பெயர் படிக்கிறவரைப்போல.
கையெழுத்தைத் தமிழில் போட்டார்.

டோக்கன் நாற்பத்திரண்டைக் கூப்பிட்டுவிட்டு
ஜன்னலில் பார்த்தேன்.
அவரை ஏற்றிக்கொண்ட வாடகைக் கார்
சந்து முனையில் திரும்ப முடியாமல்
முன்னே போனது, பின்னே வந்தது,
மறுபடி முன்னே.
மூன்றாவது தடவை ஓட்டுநர்
தலையை வெளியே நீட்டி
யாரையோ திட்டினார்.
பின்சீட்டில் நீலமேகம்
நேராகவே உட்கார்ந்திருந்தார்.