கார் ஓடினனான்

கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து:
கையில் சாவி இருப்பவருக்குச் சொந்தமில்லை இந்தக் கார் என்று
ஊருக்கே அறிவிக்கிற பலகை.
இந்திரா நகரில் சாவியைத் தருமுன்
சித்தேஷ் காரைச் சுற்றிச்சுற்றிப் படமெடுத்தான்.
தாளில் அச்சிட்ட ஒரு கார்.
முன்கதவில் ஒரு பெருக்கல் குறி, பம்பரில் மூன்று,
டிக்கியில் ஒன்று, யாரோ எதையோ நினைத்துக்கொண்டு
தூணில் சாத்தியது.
இவை உங்கள் கணக்கில் வராது என்றான்.
கையெழுத்துப் போட்டேன்.

பேர்கனில் முப்பத்துமூன்று வருடம்
வீதியின் வலப்பக்கமாய்ப் போனவள்.
இங்கே வீதி இடம், ஸ்டியரிங் வலம்,
வைப்பர் இருக்க வேண்டிய இடத்தில் சிக்னல்.
நூறடி வீதியில் முதல் திருப்பம்.
சிக்னல் போட்டேன்.
வைப்பர் எழும்பி உலர்ந்த கண்ணாடியைத் தேய்த்தது.
இரண்டாம் திருப்பம், அதே.
உச்சி வெயிலில்
வளைவுக்கு வளைவு
பேர்கன் மழையைத் துடைத்துக்கொண்டு போனேன்.
ஸ்கூட்டியில் வந்த பெண்ணொருத்தி
அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள்.

அல்சூரில் ஒரு சந்தி. ஒருவழிப் பாதையாம்.
வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி,
நெஞ்சில் எனக்கு வாசிக்கத் தெரியாத பெயர்.
சர்வதேச அனுமதிப் புத்தகத்தை நீட்டினேன்.
பக்கம் பக்கமாகப் புரட்டினார்.
பிரெஞ்சில் எனக்குக் கார் ஓட வரும்.
ரஷ்ய மொழியில் வரும், அரபியில் வரும்.
கன்னடத்தில் வராது.
தமிழிலும் வராது.
முருகா என்று வாய்க்குள் சொன்னது
அவருக்குக் கேட்டுவிட்டது.

"தமிழா? ஒன்வேல எப்பிடிம்மா வந்தீங்க?"
"மாறி வந்திட்டன் சேர். இஞ்ச பழக்கமில்லை.
நோர்வேயிலதான் கார் ஓடினனான்."
"ஓடினீங்களா?"
தொப்பியைத் தள்ளிவிட்டுச் சிரித்தார்.
"யாரும்மா துரத்தினாங்க?"

நானும் சிரித்தேன். நல்ல பகிடி.
மூக்கு நுனியில் வியர்வை, காலையிலிருந்து நிற்கிற மனிதர்.
அந்தக் கேள்விக்கு நான் ஒருமுறை
நாற்பத்தொரு பக்கத்தில் பதில் கொடுத்திருக்கிறேன்.
யார், எத்தனை பேர், என்ன உடுப்பு, எந்த ஒழுங்கை.
மொழிபெயர்ப்பாளர் நிறுத்தி நிறுத்திக் கேட்டார்,
மேசையில் ஒரு தட்டில் பிஸ்கட் இருந்தது.
அன்றிரவு ஓடியது கால்.
செருப்பில்லாத கால்.
கார் ஓடப் பழகியது நாலு வருடம் கழித்து,
பனியில், ஒரு கிழட்டு வோல்வோவில்.
இரண்டுக்கும் எங்களிடம் ஒரே சொல்.
இத்தனை காலம் அது என் காதில் விழுந்ததே இல்லை.

ஐநூறு ரூபாய், ரசீதோடு.
"காரை ஓட்டணும்மா. ஓடக்கூடாது.
அடுத்த லெஃப்ட்ல திரும்புங்க, பாத்து."
சிக்னல் போட்டேன்.
வைப்பர்.
இம்முறை அவர் சிரிக்கவில்லை, ஒதுங்கி நின்றார்.

இரவு சித்தேஷ் டார்ச் அடித்துப் பார்த்தான்.
இடப்பக்கம் ஒரு புதுக் கீறல்.
ஆட்டோவோ, பூவண்டியோ,
பட்டதே தெரியவில்லை எனக்கு.
தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டான்.
நாளைக்கு வருகிறவரிடம் சொல்வான்
இது உங்கள் கணக்கில் வராது என்று.

பேர்கன் விமான நிலையத்தில்
என் சொந்தக் கார், சொந்த மழை.
வைப்பர் என்று நினைத்துத் தட்டினேன்.
திரும்பப் போகிறேன், திரும்பப் போகிறேன் என்று
சிமிட்டத் தொடங்கியது விளக்கு.
பின்னால் வந்த பஸ் நின்று காத்திருந்தது.
ஹார்ன் அடிக்கவில்லை.
அடித்திருக்கலாம்.