பழுது இருக்கும் இடம்

எழுபத்திரண்டாயிரம் நாடி என்றார் தாட்சாயணி மேடம்.
வரைபடம் இருக்கா என்று கேட்டேன்.
மாநகராட்சிப் பூங்காவில் பாய் விரித்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
அயனாவரத்துக்கு அடியில் ஓடும் கேபிளுக்கே
ஆபீஸில் இருப்பது எண்பத்தாறில் வரைந்த தாள்.
அதில் இல்லாத சந்தில்தான்
எப்போதும் பழுது.

இடதில் இழு, அது இடகலை, நிலா.
வலதில் விடு, பிங்கலை, சூரியன்.
என் சூரியன் பத்து வருஷமாக அடைப்பு;
மூக்குத்தண்டு கோணலாம், கீழ்ப்பாக்கத்து டாக்டர் சொன்னார்.
நடுவில் சுழுமுனை என்று ஒன்று.
அதில் எனக்கு இன்னும் சப்ளை வரவில்லை.

நேற்று ராத்திரி மழை.
கொன்னூர் நெடுஞ்சாலையில் பாதி இருட்டு.
கேபிளின் ஒரு முனையில் அதிர்வை ஏற்றிவிட்டு
ஹெட்போனும் நானுமாக
ஈரத் தாரின்மேல் குனிந்தே நடந்தோம்.
நல்ல கேபிள் பேசாது.
அறுந்த இடத்தில் மட்டும்
மண்ணுக்குள்ளிருந்து
தொம்.

விடிந்ததும் அதே கை, சேறு போகாத நகம்.
கட்டைவிரலால் வலதை மூடிக்கொண்டேன்.
மூச்சு இறங்கியது
தொண்டை, நெஞ்சுக்குழி,
இடது விலாவுக்கு உள்ளே ஓரிடத்தில்
தொம்.

லைன் ஆஃப், இறங்கு என்று
நான்தான் சொன்னேன்.
டில்லிபாபு செருப்பைக் கழற்றி
குழியோரம் ஜோடியாக வைத்துவிட்டு இறங்கினான்.

நாலு, அஞ்சு, ஆறு,
மெதுவா விடுங்க என்கிறார் மேடம்.
எல்லோரும் விடுகிறார்கள்.
ரயில் ஒன்று பெரம்பூர் பக்கம் ஊதிப் போகிறது.

தோண்ட வேண்டிய இடம் தெரிந்துவிட்டது.
கடப்பாரையை வண்டியிலேயே
விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.