சான்றிதழ் (11)

கருங்கல் பேருந்து நிலையத்துக்கு எதிரே
மருந்துக்கடை மாடியில் என் கம்ப்யூட்டர் சென்டர்.
மழை தகரத்தில் விழுந்து யார் பேச்சும் கேட்காத
ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் வந்தார்.
ஆன்சில். தூத்தூர். சூரை பிடிக்கிற போட்டில் டிரைவர்.
சட்டைப் பையில் போன்,
போனைச் சுற்றி இரண்டு பிளாஸ்டிக் கவர்.

"படகுச் சான்றிதழ் எடுக்கணும் பிள்ளே.
மூணு ராத்திரியா அமுக்குறேன். ஒண்ணும் வரல்ல."

குரோமில் திறந்தேன்.
'பதிவிறக்கு' என்ற பச்சைப் பொத்தானை அமுக்கியதும்
ஒரு வெள்ளைச் சன்னல் கண்விழித்து
உடனே மூடிக்கொண்டது.
முகவரிக் கோட்டின் வலது ஓரத்தில்
சின்னதாய்ச் சிவப்புக் குறி: பாப்-அப் தடுக்கப்பட்டது.
அனுமதித்தேன்.
அதற்குள் தளம் எங்களை வெளியே தள்ளிவிட்டது.

மறுபடி உள்நுழைவு, மறுபடி ஓடிபி.
அது போகிற நம்பர் மனைவியுடையது.
பெனிட்டா தேங்காய்ப்பட்டணத்தில் ஏலத்தில் நிற்கிறாள்.
"ஏழு... ஏழாயிரத்து நானூறு...
இல்லங்க, அது கணவாய்க்கு வெல,
நீங்க எழுதுங்க: ஏழு, பூச்சியம், நாலு..."
மூன்றாம் முறைதான் ஆறு இலக்கமும் கரை சேர்ந்தன.

"வலை போட்டா
விழுந்திருக்கா இல்லியான்னு கயிறு கைக்குச் சொல்லும்.
இந்தச் சவம் ஒண்ணும் சொல்லமாட்டேங்குது."

ஃபயர்ஃபாக்ஸ் ஒரு கோப்பை இறக்கித் தந்தது.
பெயருக்குப் பின் புள்ளி இல்லை, வால் இல்லை.
எதில் திறக்க என்று என்னையே கேட்டது.
நோட்பேடில் போட்டேன்.
முதல் வரியில் ஒரு சதவீதக் குறி,
ஒட்டினாற்போல் பி.டி.எஃப்,
கீழே முழுக்கக் குப்பை எழுத்து.
சிரித்துவிட்டேன்.
பெயரின் கடைசியில்
ஒரு புள்ளியும் மூன்று எழுத்தும் சேர்த்தேன்.
முத்திரை, படகின் நீளம், குதிரைத்திறன்
எல்லாம் எழுந்து வந்தன.

அப்புறம்தான் தோன்றியது.
அவர் போனை வாங்கிப் பதிவிறக்கங்களைத் திறந்தேன்.
சான்றிதழ்.
சான்றிதழ் (1).
சான்றிதழ் (2).
பதினொன்று வரைக்கும்.
சனி இரவு பதினொன்றரை. ஞாயிறு விடிகாலை நாலு.
நேற்று நடுராத்திரி மட்டும் ஐந்து.
அமுக்கின ஒவ்வொன்றும் வந்து சேர்ந்திருக்கிறது,
என்ன பெயர் சொல்லித் திறப்பதென்று போனுக்குத் தெரியாமல்
வாலில்லாமல் கிடக்கிறது.

அவர் திரையை நெடுநேரம் பார்த்தார்.
"அப்போ நான் தூங்கியிருக்கலாம்."

பிரிண்டுக்குப் பத்து ரூபாய் என்றேன்.
போனில் உள்ளதை அழிக்கட்டுமா என்றேன்.
"கெடக்கட்டு."
போனைச் சுற்றிய கவர்களில் ஒன்றைக் கழற்றித்
தாளுக்கு மாட்டினார்.