வெறும் லாரி

கிளினிக்கில் மிஸ்ஸி சொன்னது இவ்வளவுதான்:
'பிரஷர் நூற்று அறுபத்தெட்டு.
மாத்திரையை விடாமல் போடுங்கள்.
தினமும் பத்து நிமிஷம்
மூச்சைப் பார்த்துக்கொண்டு
சும்மா உட்காருங்கள்.'

சும்மாவா?
லாபிஸ் செம்பனை ஆலையில்
எடைமேடைக் கிராணி நான்.
பதினொரு வருஷமாக
உட்கார்ந்துதான் இருக்கிறேன்.

ஆனாலும் உட்கார்ந்தேன்.
இரவு ஷிப்டு, மூன்றரை மணி,
லாரி வராத இடைவெளி.
கைப்பேசியைக் கவிழ்த்து வைத்து
நாற்காலியை மேசையிலிருந்து
ஓரடி தள்ளிப் போட்டு.

உள்ளே போன மூச்சில்
ஆலைப் புகையின் புளித்த வாடை.
வெளியே வந்த மூச்சில்
மத்தியானம் ஜெகதீஸ்வரியிடம் நான் கத்தியது.

மூன்று எண்ணுவதற்குள் கார் கடன் வந்தது.
ஐந்தில் மகனின் எஸ்.பி.எம். கணக்குப் பாடம்.
ஏழில்
முந்நூறு வெள்ளியைத் திருப்பித் தராமலே
செத்துப்போன அண்ணன்.
மறுபடி ஒன்று.

இப்படியே பன்னிரண்டு நாள்.
ஞானம் எதுவும் வரவில்லை.
கொசு வந்தது.
ஒருநாள் தூங்கியே போனேன்,
சுல்கிஃப்லி ஹாரன் அடித்து எழுப்பினான்.
இன்னொரு நாள்
ஸ்டேஷன் பக்கம் ரயில் கூவியது.
இந்நேரத்துக்கு ஒரு ரயில் போகிறதென்று
இத்தனை வருஷம்
யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பதினைந்தாம் நாளோ, பதினாறோ.
குலை ஏற்றி வந்த லாரி
இருபத்தொரு டன்.
கொட்டிவிட்டுத் திரும்பியபோது ஒன்பது.
கழித்துச் சீட்டு எழுதிய கை
பாதியில் நின்றது.

வெறும் லாரிக்கும் எடை உண்டு.
ஒன்பது டன்னா என்று
அதை யாரும் திட்டுவதில்லை.
எவ்வளவு என்று தெரிந்தால் போதும்,
கழித்துக்கொள்ளலாம்.
நான்தான் இத்தனை நாள்
என் இரும்பையும் சேர்த்து
வீட்டில் இருப்பவர்கள் கணக்கில்
எழுதிக்கொண்டிருந்தேன்.

அன்று காலை
மகன் கையிலிருந்து மங்கு விழுந்து உடைந்தது.
எனக்கு வாய் திறந்தது.
திறந்த வாய்க்கும் சொல்லுக்கும் நடுவே
கொஞ்சம் இடம் இருந்தது.
லாரி நிற்கிற இடமில்லை,
ஒரு சைக்கிளைச் சாய்த்து வைக்கலாம்.
அங்கே நின்றேன்.
'கால்ல பட்டுச்சாடா?' என்றேன்.

அவன் ஒரு மாதிரியாகப் பார்த்தான்.
ஜெகதீஸ்வரி அடுப்பை அணைத்துவிட்டு வந்து
அவளும் பார்த்தாள்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
மூவரும் கண்ணாடித் துண்டு பொறுக்கினோம்.

இந்த மாதம் பிரஷர் நூற்று ஐம்பத்திரண்டு.
'பரவாயில்லை' என்றாள் மிஸ்ஸி.
கார் கடன் அப்படியேதான் இருக்கிறது.
நேற்றுகூட ஒரு டிரைவரிடம் கத்திவிட்டேன்,
கத்தும்போதே அது எனக்குக் கேட்டது.

இப்போது மூன்றரை.
வெளியே மழை.
தண்ணீர் தேங்கினால்
யாருமில்லாத மேடையும் நாற்பது கிலோ காட்டும்.
பொத்தானை அழுத்தினால் பூஜ்யம்.

அழுத்தவில்லை இன்னும்.
நாற்பது.
அறுபது.
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.