ஊதுதுளை

கணபதி பவுண்டரியில் பதினோரு வருஷம்
பம்ப் வார்ப்புகளைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தவள் நான்.
உள்ளே கடுகளவு காற்று நின்றிருந்தாலும்
சத்தம் காட்டிக்கொடுத்துவிடும்.
சாக்பீஸில் ஒரு பெருக்கல் குறி.
திரும்ப உருக்கு.

இப்போது குறிச்சி சிட்கோவில்
காற்றுக்குத்தான் சம்பளம்.

நாமக்கல் முட்டை ஓட்டை நீற்றி,
பாஸ்பேட் கூட்டி, எலும்பின் உப்பாக்கி,
தோசைமாவுக்குக் கொஞ்சம் முந்தின பதத்தில் கூழ்.
சின்னத் துண்டு என்றால்
பஞ்சை அதில் முக்கிப் பிழிந்து உலையேற்றுவோம்.
பஞ்சு புகையாகப் போய்விடும்,
அது எங்கெல்லாம் இருந்ததோ
அந்த வடிவம் மட்டும் கல்லாகி நிற்கும்.

அளவெடுத்த வேலைக்கு அச்சு இயந்திரம்.
ஊசிமுனையில் கூழ் நூலாக இறங்கும்.
ஒரு அடுக்கு பாவு,
அதன்மேல் ஊடை.

இந்த வாரத்து அட்டை:
மருதாசலம், சோமனூர், விசைத்தறி.
இடது கணுக்காலுக்கு மேலே
முப்பத்தொரு மில்லிமீட்டர் எலும்பு இல்லை.
முப்பத்தெட்டாக அச்சிட்டோம்,
ஏழை உலை தின்னும்.

முதலாவது உலைக்கே போகவில்லை.
ஆனி மாசம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு
ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டாள் சுகந்தி.
ஒரே பக்கம் காய்ந்து
தலைமயிர் போல ஒரு விரிசல்.
"ஏனுங்க்கா, ஒட்ட வெச்சுரலாமா?"
ஒட்டினால் நிற்கும்.
மருதாசலம் நிற்கணுமே.

இரண்டாவது,
ஆயிரத்து இருநூற்றைம்பது டிகிரியைத் தாண்டி
மறுநாள் மத்தியானம் வெளியே வந்தது.
வெள்ளை. கையில் கனமே இல்லை.
பழக்கதோஷம், நகத்தால் தட்டிவிட்டேன்.
எங்கோ தள்ளி யாரோ பீங்கான் கிண்ணத்தைக்
கீழே வைத்தது போலிருந்தது.
என் கை தானாகச் சாக்பீஸைத் தேடியது.

கூடவே சுட்ட மாதிரித் துண்டைச்
சிவப்பு மையில் நிறுத்தினோம்.
யாரும் தள்ளாமலே மை ஏறியது,
துளைக்குள்ளிருந்து துளைக்குள்.
ஒரு மூலை மட்டும் வெள்ளையாகவே கிடந்தது.
அங்கே ஏதோ ஒன்று வாய்மூடியிருக்கிறது.
அடுத்த துளைக்கு வழிவிடாத துளை
இங்கேயும் கழிவுதான்.
ஒரு மூலைவரை பொறுக்கலாம் என்கிறது கணக்கு.
இரண்டுமுறை கணக்குப் பார்த்தேன்.

சோதனைப் படிவம் கணபதியிலிருந்து
நான் கொண்டுவந்த பழைய மாதிரிதான்.
யாரும் இன்னும் மாற்றவில்லை.
ஆறாவது கட்டம்: ஊதுதுளை, உண்டு / இல்லை.

உண்டு என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.